தென்துருவத் திட்டும் வங்கக் கடலின் அடித்தண்ணீரும்

பெங்களூரில் ஆஸ்டின் டவுன் என்னும் பகுதியில் வாழும் நமக்குக் கடல் அண்டை வீடு அன்று. நகரமே கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பீடபூமியில் அமைந்திருக்கிறது. நம் வீட்டுக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து யந்திரங்களால் மேலேற்றப்பட்டு வந்து சேருவது. ஒருநாள் தண்ணீர் வராவிட்டால் தெருவில் குடத்தோடு நிற்கும் அனைவரும் அது எங்கே தங்கிவிட்டது, எந்தக் குழாய் உடைந்தது என்று ஆராயத் தொடங்கிவிடுவர். தண்ணீரின் பூர்வோத்தரத்தை விசாரிப்பது இந்நகரத்தாரின் சுபாவமாகிவிட்டது. அந்த விசாரணையைக் கடல்வரை கொண்டுபோனால் என்ன? சென்னைக்குக் கிழக்கே, 3,000 மீட்டர் ஆழத்துக்குக் கீழே, வங்கக் கடலின் தரைமேல் படிந்திருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இக்கேள்வி நமக்கு எழுந்தது விஞ்ஞானத்தால் அன்று, ஒரு பிழையால். மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்த புதிதில் தென்துருவத்தைப் பற்றிய ஓர் அறிக்கையைத் தமிழாக்க நேர்ந்தது. கடலின்மீது நீண்டு மிதக்கும் கெட்டியான பனிப்பாளத்துக்கு ஆங்கிலத்தார் ‘ஷெல்ஃப்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். கலை பயின்ற நாம் சிறிதும் தயங்காமல் அதைப் ‘பனி அலமாரி’ என்று எழுதிவிட்டோம். அதைத் திருத்திய பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துவிட்டு, “இப்படி இரண்டு அலமாரிகள் இருக்கின்றன, ஒன்று கல்லாலானது, மற்றொன்று பனியாலானது, இரண்டையும் படித்துவிட்டு வாரும்” என்றார். கண்டத்தின் விளிம்பு கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் பகுதி கண்டத்திட்டு. நிலத்துப் பனி வழிந்து வந்து அக்கண்டத்திட்டின்மேல், கடலில் மிதந்து நிற்பது பனித்திட்டு. இவை இரண்டுக்கும் இடையிலுள்ள இருண்ட தண்ணீரில் நிகழும் காரியத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் ஆழ்கடலில் குளிர் உண்டு என்பதையே மனிதன் எப்படி அறிந்தான் என்பதைச் சொல்ல வேண்டும். 1751-ஆம் ஆண்டில் ஹென்றி எல்லிஸ் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர் ஆப்பிரிக்காவுக்கு மேற்கேயுள்ள வெப்பக் கடலில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் அவரிடம் ஒரு விசித்திரமான வாளியைக் கொடுத்தனுப்பியிருந்தார். இறங்கும்போது அதன் கதவுகள் திறந்து தண்ணீர் ஊடுருவிச் செல்லும். ஏறும்போது மூடிக்கொண்டு அடித்தண்ணீரைப் பிடித்து வரும். கடலின் மேற்பரப்பில் 84 பாரன்ஹீட் டிகிரி காட்டிய வெப்பமானி, 3,900 அடி ஆழத்திலிருந்து எடுத்த நீரில் 53 டிகிரி காட்டிற்று. நீண்ட கயிற்றில் இழுத்துவரும் வழியில் அந்நீர் சற்றுச் சூடேறியும் இருக்க வேண்டும். எல்லிஸ் அந்தக் குளிர்ந்த நீரைக் குளிக்கவும், மதுவைக் குளிர வைக்கவும் உபயோகித்துக்கொண்டார். அதை மகிழ்ச்சியோடு எழுதியும் வைத்தார். அந்தக் கப்பல் அடிமை வாணிகத்தில் ஈடுபட்ட கப்பல் என்பதை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. கப்பல் தலைவரின் மது எவ்வளவு குளிர்ந்தது என்பது சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது; அத்தகைய கப்பல்களில் விலைக்கு ஏற்றப்பட்ட மக்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

சுட்டெரிக்கும் வெயிலின்கீழ் உள்ள கடலில் இந்தக் குளிர் எப்படி வந்தது? 18-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இதற்கு விடை கூறியவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவில் பிறந்து, பவேரியாவில் பிரபுப் பட்டம் பெற்று, பீரங்கி துளைக்கும் பட்டறையில் வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்து, சமையல் அடுப்புகளையும் சீர்திருத்திய மனிதர் அவர். அடுப்பின்மேல் கொதிக்கும் பாத்திரத்தில் சூடான நீர் மேலேறுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் அவர் கண்ட காட்சி. கடலும் ஒரு பாத்திரமே. துருவங்களில் குளிர்ந்த நீர் அடியில் இறங்கிப் பூமத்திய ரேகையை நோக்கி ஊர்ந்து வர வேண்டும், அதற்கு ஈடாக மேற்பரப்பு நீர் துருவங்களை நோக்கிப் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கருவி ஒன்றுமில்லாமல், எல்லிஸின் வாளியைப் பற்றிய குறிப்பு போன்ற சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்த ஊகம் அது. பெரும்பாலும் சரியாகவே அமைந்தது.

இதன் பிறகு நடந்தது விஞ்ஞான சரித்திரத்தில் நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஒரு தடுமாற்றம். சாதாரணத் தண்ணீர் 4 சென்டிகிரேடு டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடியும் லேசாகும். கடல்நீர் அப்படியன்று, உறையும் வரையில் அது கனத்துக்கொண்டே போகும். இதை லண்டனில் அலெக்சாண்டர் மார்செட் 1819-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். இருந்தும், 1839 முதல் 1843 வரை தென்துருவக் கடலில் பிரயாணம் செய்த ஜேம்ஸ் கிளார்க் ராஸ், ஆழ்கடல் எங்கும் ஏறத்தாழ 4 டிகிரியே உஷ்ணநிலை என்று நம்பினார். அவருடைய வெப்பமானிகளும் அதற்குச் சாட்சி சொல்லின! ஆழத்தில் கடல் நசுக்கும் நசுக்கலில் கண்ணாடிக் குமிழ் சுருங்கி, உள்ளிருக்கும் திரவத்தை மேலே தள்ளிவிடும். அதனால் உள்ளதைவிட அதிக உஷ்ணம் காட்டும். தவறான கருவியும் தவறான கொள்கையும் ஒன்றையொன்று மெய்ப்பித்துக்கொண்டு பல்லாண்டுகள் கைகோத்து நடந்தன. ராஸ் சாமானியர் அல்லர். பனிக்கடலில் அவருக்கு நிகரான மாலுமி அக்காலத்தில் அரிது. அவர் புகழே அப்பிழைக்குக் கவசமாயிற்று என்று தோன்றுகிறது. குமிழுக்கு வெளியே இன்னொரு கண்ணாடி உறையிட்டு அழுத்தத்தைத் தாங்கும் வெப்பமானி 1869-ஆம் ஆண்டில் கடலில் இறங்கிய பிறகே அந்தக் கவசம் கழன்றது.

அத்தகைய வெப்பமானிகளோடு புறப்பட்ட ‘சாலஞ்சர்’ கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றியது. 1874-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி அது தென்துருவ வட்டத்தைக் கடந்தது. நீராவி யந்திரம் கொண்ட கப்பல் ஒன்று அவ்வட்டத்தைக் கடந்தது அதுவே முதல் முறை. அது அடைந்த தென்கோடி இடம், கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரியை ஒட்டியது. படத்தை விரித்து அவ்விடத்தில் விரலை வைத்துச் சிறிது தெற்கே நகர்த்தினால், 300 கிலோமீட்டர் அளவில், பிரிட்ஸ் விரிகுடாவின் கரையில் இன்று நம் நாட்டின் ‘பாரதி’ ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. விரலை நேர் வடக்கே ஓட்டினால் கன்னியாகுமரிக்கு வந்து சேரலாம். நடுவில் நிலம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை, எல்லாம் தண்ணீரே. சாலஞ்சர் கப்பலார் கரையைக் காணாமலே திரும்பினர். மேலும் அவர்கள் கொண்டுசென்ற வெப்பமானி, தான் கடந்து வந்த தண்ணீரில் எது மிகக் குளிர்ந்ததோ அதை மட்டுமே குறித்து வைக்கும். குளிர்ந்த அடுக்குக்கு அடியில் சற்று வெதுவெதுப்பான அடுக்கு இருந்தால் அதை அது காட்டாது. துருவக் கடலிலோ அப்படித்தான் அடுக்குகள் இருக்கின்றன.

குளிர்நீர் துருவத்திலிருந்து வருகிறது என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. துருவத்தில் எந்த இடத்தில், எவ்விதம் அது உண்டாகிறது? இதற்கு ஓர் ஆதாரம் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் பிரென்னக்கே. அவர் ஃபில்க்னர் தலைமையில் 1911-இல் புறப்பட்ட ஜெர்மன் கப்பலில் இருந்தார். கப்பல் வெட்டெல் கடலில் பனியில் சிக்கிப் பல மாதங்கள் பனியோடு பனியாக மிதந்தது. கப்பல் தலைவர் அங்கேயே இறந்தார். அந்நிலையிலும் பிரென்னக்கே கடல்நீரின் உஷ்ணத்தையும் உப்பையும் அளந்து வந்தார். உலகக் கடல்களின் அடியில் பரவும் குளிர்நீர் ஆழ்கடலில் உண்டாகவில்லை. கண்டத்திட்டின்மேல் உண்டாகிச் சரிவு வழியே வடிகிறது என்பது அவர் கண்ட முடிவு. 1934-இல் நார்வே தேசத்து ஹோகன் மோஸ்பி அதை விரிவாக விளக்கினார்.

மோஸ்பி ஆராய்ந்த நீரைச் சேகரிக்கக் கப்பல் அனுப்பியவர் லார்ஸ் கிறிஸ்டென்சன் என்ற திமிங்கில எண்ணெய் வணிகர். அவரே 1930-களில் பிரிட்ஸ் விரிகுடாக் கரைகளுக்கும் கப்பல்களை அனுப்பினார். 1935-இல் அவருடைய மாலுமி கிளாரியஸ் மிக்கெல்சன் கண்ட பனியற்ற பாறைக் குன்றுகளே லார்ஸ்மன் குன்றுகள். நம் பாரதி நிலையம் அக்குன்றுகளில்தான் இருக்கிறது. திமிங்கிலத்தைக் கொன்று பொருள் சேர்த்தவரின் பணத்தில் கடலறிவு வளர்ந்தது. அடிமைக் கப்பலில் தொடங்கிய கதைக்கு இது பொருந்தாத அத்தியாயம் அன்று.

இனி அத்திட்டின்மேல் நடப்பதைக் காண்போம். சிறு வயதில் நாம் கண்ட ஐஸ்கிரீம்காரரை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகும். மரவாளியில் பனிக்கட்டியை உடைத்துப் போட்டு, கைநிறைய உப்பை அள்ளித் தூவி, நடுவிலுள்ள தகரக் குவளையைச் சுற்றுவார். உப்பு ஏன் என்று கேட்டால், “உப்பில்லாவிட்டால் குளிர் போதாது, தம்பி” என்பார். உப்புத் தண்ணீர் சுழியம் டிகிரியில் உறையாது. கடல்நீர் உறைவதற்கு ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி வேண்டும். உறையும்போது நீர் தன் உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த உப்பு எஞ்சிய நீரில் சேர்ந்து அதைக் கனமாக்குகிறது.

தென்துருவக் கண்டத்தின் உச்சியிலிருந்து பனிக்காற்று சரிவில் உருண்டு இறங்கிக் கடலை நோக்கிப் பாய்கிறது. உறைந்த பனியைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிக்கொண்டே போகிறது. அவ்வாறு திறந்த தண்ணீர் மறுபடியும் உறைகிறது, மறுபடியும் தள்ளப்படுகிறது. குளிர்காலம் முழுவதும் உறையாமல் இப்படித் திறந்தே கிடக்கும் கடற்பொய்கையை ‘பொலின்யா’ என்று ருஷ்யச் சொல்லால் அழைக்கின்றனர். அது ஓர் உப்பளம் போன்றதே. தூத்துக்குடியில் வெயில் செய்யும் வேலையை அங்கே குளிர் செய்கிறது. ஒன்றில் நீர் ஆவியாகப் போய் உப்பு தங்குகிறது; மற்றொன்றில் நீர் பனியாகப் போய் உப்பு தங்குகிறது.

இக்கனத்த நீர் உடனே ஆழ்கடலுக்கு ஓடிவிடுவதில்லை. மற்ற நாடுகளின் கண்டத்திட்டு பெரும்பாலும் 200 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கி, வெளிப்புறமாகச் சரிந்திருக்கும். தென்துருவத்துத் திட்டோ சராசரி 500 மீட்டர் ஆழமுள்ளது. பழம் பனியாறுகள் அரித்ததாலும் பனியின் பாரத்தாலும் பல இடங்களில் அது உட்புறமாகச் சரிந்திருக்கிறது. கனத்த நீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பனித்திட்டின் அடியில் புகுகிறது. ஆழம் கூடக் கூடப் பனி உருகுவதற்கு வேண்டிய உஷ்ணம் குறையும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் டிகிரி வீதம் குறையும். ஆகையால் மேலே உறையும் அளவுக்குக் குளிர்ந்த நீரே, கீழே பனியை உருக்கவல்லதாகிறது! உருக்கியதால் இன்னும் குளிர்ந்து, மேற்பரப்பில் எந்தக் கடல்நீரும் அடைய முடியாத குளிரோடு அது வெளியே வருகிறது. பிறகு திட்டின் விளிம்பில் உள்ள வாய்க்கால்களின் வழியே வழிந்து, வெளியிலிருந்து வரும் சற்று வெப்பமான, உப்பு மிகுந்த ஆழ்நீரோடு கலந்து, கடலடிக்குச் சரிகிறது. உஷ்ணத்தாலும் உப்பாலும் அடையாளம் தெரியும் இத்தகைய ஒவ்வொரு நீரையும் ‘நீர்த்திரள்’ என்கிறோம். அவை கலந்தும் முற்றிலும் அடையாளம் இழப்பதில்லை. காவிரியும் கபினியும் கலந்த பிறகும் நிறத்தைக் கொண்டு சிறிது தூரம் பிரித்தறிவது போல.

நம் நாடு இக்கடலுக்குப் போன கதை பிற்காலத்தது. 1959 முதல் 1965 வரை பல தேசங்கள் சேர்ந்து நடத்திய இந்துமகா சமுத்திர ஆராய்ச்சியில் இந்தியக் கப்பல்களும் பங்கு கொண்டன. அதன் விளைவாக 1966-இல் தேசியக் கடலாராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 1981 டிசம்பரில், எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர், நார்வே நாட்டுக் கப்பல் ஒன்றில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9-ஆம் தேதி தென்துருவக் கண்டத்தில் இறங்கினர். 1983-84-இல் எழுந்த முதல் நிலையத்துக்குத் ‘தட்சிண கங்கோத்ரி’ என்று பெயர் சூட்டினர். அது கட்டப்பட்டது பாறையின்மேல் அன்று, மிதக்கும் பனித்திட்டின்மேல். அங்கே தங்கியிருந்தோரின் காலடியில் பனி, பனிக்கு அடியில் கடல். சில ஆண்டுகளில் பனி கட்டடத்தையே மூடிவிட, 1990-இல் அதைக் கைவிட்டனர். பாறைமேல் கட்டிய ‘மைத்ரி’ அதற்குள் தயாராயிருந்தது. மூன்றாவதான ‘பாரதி’ 2012 மார்ச்சில் தொடங்கியது. அப்பெயர் தமிழ்ச் செவிக்குக் கவிஞர் பெயராகவே ஒலிக்கும். கங்கோத்ரி என்ற பெயரை வைத்தவர்கள் பனியிலிருந்து ஆறு பிறப்பதை நினைத்தே வைத்திருப்பர். அடியிலிருந்த கடல் அதைவிடப் பெரிய ஆறுகளின் பிறப்பிடத்தைச் சேர்ந்தது.

பிரிட்ஸ் விரிகுடாவில் ஆம்ரி என்னும் பெரிய பனித்திட்டு இருக்கிறது. இருந்தும் அவ்வட்டாரத்தில் அடித்தண்ணீர் உண்டாகிறதா என்பதில் நெடுங்காலம் ஐயம் இருந்தது. வெட்டெல், ராஸ், அடேலி ஆகிய மூன்று ஊற்றுகளையே எல்லோரும் எண்ணினர். ஐயம் தீராததற்குக் காரணம் எளியது. நீர் கனக்கும் வேலை குளிர்காலத்தில் நடக்கிறது. கப்பல்கள் போவதோ கோடையில். சமையல் முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற நிலை அது. 2008-09-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் விரிகுடாவுக்கு மேற்கே டார்ன்லி முனைக்கு அப்பால் கடலடியில் கருவிகளை நங்கூரமிட்டு, ஓராண்டு விட்டுவைத்தனர். யானைச் சீல்களின் தலைமயிரில் சிறு கருவிகளை ஒட்டிய வேறு குழுவினரும் உதவினர். அவ்விலங்குகள் குளிர்காலத்திலும் பனியினூடே மூழ்கி இரை தேடும். அவை மேலே வந்து மூச்சு விடும்போதெல்லாம் உப்பும் உஷ்ணமும் பற்றிய செய்தி செயற்கைக் கோளுக்குச் செல்லும். ஓஷிமா முதலியோர் 2013-இல் முடிவை வெளியிட்டனர்: டார்ன்லி முனையின் பொலின்யாவிலும் அடித்தண்ணீர் பிறக்கிறது, அது நான்காவது ஊற்று.

இவ்வூற்றுகளின் நீர் இந்துமகா சமுத்திரத்தின் அடியில் வடக்கே ஊர்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 90 டிகிரியை ஒட்டிக் கடலுக்குள் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. அதன் கிழக்குப் புறமாக வந்த நீர், பூமத்திய ரேகைக்குச் சிறிது தெற்கேயுள்ள கணவாய்களின் வழியே மேற்கே புகுகிறது. அமெரிக்கரான புரூஸ் வாரன் 1980-களின் தொடக்கத்தில் இவ்வழியை விளக்கினார். பாலக்காட்டுக் கணவாயில் மேல்காற்று புகுவதை அறிந்தவர்க்கு இதில் புதுமை இல்லை. அங்கிருந்து வங்கக் கடலின் அடிக்கு அது வந்து சேரச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன.

வங்கக் கடலுக்கு அது கொண்டுவருவது குளிரை மட்டும் அன்று, பிராணவாயுவையும்தான். நம் கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் பிராணவாயு மிகக் குறைந்த அடுக்கு ஒன்று பரந்து கிடக்கிறது. மேலிருந்து விழும் அழுகல் அங்கே உள்ள வாயுவைத் தின்றுவிடுகிறது. அதற்குக் கீழே போகப் போக வாயு மறுபடியும் கூடுகிறது. கூட்டுவது தெற்கிலிருந்து வந்த நீரே.

குளிர்ந்த நீரால் எல்லிஸ் கண்ட லாபமும் நம் பக்கத்தில் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையத்தார் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் 350 மீட்டர் ஆழத்து நீரை மேலே இழுத்து, மேற்பரப்பு நீரின் ஆவியை அதனால் குளிரவைத்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்க ஏற்பாடு செய்தனர். 350 மீட்டர் நீர், நாம் பேசும் அடித்தண்ணீர் அன்று. அதற்கு மிக மேலேயுள்ளது. ஆயினும் தத்துவம் அந்தப் பழைய வாளியின் தத்துவமே.

இப்போது கவலைக்கு வருவோம். 2016-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, சீல்கள் திரட்டிய அளவுகளைக் கொண்டு, ஆம்ரி பனித்திட்டின் அடியில் உருகும் நன்னீர் பிரிட்ஸ் விரிகுடாவின் கனத்த நீரை லேசாக்குகிறது என்று காட்டிற்று. உருகுதல் கூடினால் இவ்வூற்று தளரும். 2023-இல் வெளிவந்த இரண்டு கட்டுரைகளையும் நாம் மொழிபெயர்ப்பாளனின் நிதானத்தோடு வரிவரியாகப் படித்தோம். ஒன்று கணக்கீடு: புகைக் கரி வாயுக்கள் இன்றைய பெருக்கத்திலேயே போனால் 2050-க்குள் தென்துருவ அடித்தண்ணீரின் ஓட்டம் 40 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடும் என்பது. மற்றொன்று அளவீடு: ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடலில் 1994 முதல் 2009 வரை ஓட்டம் தளர்ந்து, பிராணவாயு குறைந்து, பின்னர் ஓரளவு மீண்டது என்பது. முதலாவதைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. இரண்டாவதன் கடைசிப் பகுதியை, அதாவது மீண்டது என்ற பகுதியை, பலர் விட்டுவிட்டனர். அந்த மீட்சியால் கவலை தீர்ந்துவிடவில்லை. ராஸ் கடலில் சில ஆண்டுகள் நீர் உப்பேறியதை ஒட்டி வந்தது அது, நிலையானது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனாலும் அளந்ததையும் கணித்ததையும் ஒரே குரலில் சொல்லக் கூடாது. ராஸ் என்ற பெரிய மாலுமியின் 4 டிகிரி நமக்கு மறக்கவில்லை.

பாரதி நிலையத்திலிருந்து கோடைக் கப்பல் மார்ச் மாத வாக்கில் புறப்பட்டுவிடும். குளிர்காலத்தைக் கழிக்கச் சுமார் இருபது பேர் அங்கே தங்குவர். கப்பல் போன சில வாரங்களில் விரிகுடா உறையத் தொடங்கும். காற்று பனியைத் தள்ளும். உப்பு கீழே இறங்கும். ஜன்னல் வழியே பார்ப்பவர்க்கு வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்போது அந்நீரை அளந்துகொண்டிருப்பவை நங்கூரமிட்ட கருவிகளும் சீல்களுமே. ஆண்டுக்கொரு முறை சீல் தன் மயிரை உதிர்க்கும், கருவியும் உதிர்ந்துவிடும், மறுபடியும் ஒருவர் போய் வேறு சீலைத் தேடி ஒட்ட வேண்டும்.